குறிமுறையும் உறவுமுறையும்: ஸ்மார்ட் ஒப்பந்த வணிகமும் மலாக்காத் தமிழரின் பண வரலாறும்

தாம் விற்ற பொருளுக்கு மட்டுமன்றி, தாம் சேர்த்துவிட்டவர்கள் விற்றதற்கும், அவர்கள் சேர்த்துவிட்டவர்கள் விற்றதற்கும் படிப்படியாகத் தரகு பெறும் முறைக்கு வலைப்பின்னல் வணிகம் என்று பெயர்; மலேசியச் சட்டத்தில் அது நேரடி விற்பனையின் ஒரு வகை, பேச்சுவழக்கில் எம்எல்எம். இந்த வணிகத்தின் கணக்கைப் பார்க்கும் மென்பொருளில் கடந்த பத்தாண்டுகளாகக் கிரிப்டோ நாணயமும் ஸ்மார்ட் ஒப்பந்தமும் புகுந்துள்ளன. இவற்றை விற்பவர்கள் முன்வைக்கும் வாதம், பணம் நிறுவனத்தின் கையில் தங்குவதில்லை, தரகை மனிதர் கணக்கிடுவதில்லை, ஆகவே எவரையும் நம்ப வேண்டிய தேவையே இல்லை என்பது. மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களிலிருந்து சிறுநகரங்களுக்குப் பெயர்ந்த தமிழ்ச் சமூகத்தின் பண வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால், இந்த வாதம் தலைகீழானது என்பது புலப்படும். இங்கே விலகிக்கொண்டது நிறுவனம் மட்டுமே. நம்பிக்கையோ, முன்னைவிடக் கூடுதலான சுமையோடு, அழைத்துச் சேர்த்த உறவினரின் தோளில் போய் ஏறியிருக்கிறது.

மலாயாவில் ரப்பர் வணிகப் பயிராக முதன்முதல் நடப்பட்டது மலாக்காவில்தான். தான் சாய் யான் என்ற சீன வணிகர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கிய முயற்சி, பின்னர் புக்கிட் ஆசாகானில் பெருந்தோட்டமாக விரிந்தது. அடுத்தடுத்து எழுந்த தோட்டங்களுக்கு உழைப்பைக் கொண்டுவந்து சேர்த்ததில் கங்காணி முறைக்குப் பெரும்பங்கு உண்டு. கங்காணி தம் சொந்த ஊரிலும் உறவிலும் ஆள் பிடித்தார். கொண்டுவந்த ஆளுக்கு இவ்வளவு என்று தரகு பெற்றதோடு, அந்த ஆட்கள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு என்ற தொகையையும் தோட்ட நிர்வாகத்திடமிருந்து பெற்றார். தமக்குக் கீழே உள்ளவரின் உழைப்பிலிருந்து மேலே உள்ளவருக்கு நாள்தோறும் ஒரு பங்கு செல்லும் ஏற்பாடும், அந்த ஏற்பாட்டை உறவு தாங்கிப் பிடிக்கும் முறையும், 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்யும்வரை இங்கே இயல்பான ஒன்றாகவே இருந்தன. எம்எல்எம் கூட்டங்களில் 'அப்லைன்' என்று இன்று மரியாதையோடு சுட்டப்படுபவருக்கு இந்த மண்ணில் ஒரு முன்னோடி உண்டு என்பதை ஆய்வாளர் எவரும் எளிதில் கடந்துபோக முடியாது.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர் இடம்பிடித்தனர். லயத்து வீடுகளில் பிறந்த தலைமுறை, 1970களில் எழுந்த பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையின் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கும், ஆயர் குரோ, செங், அலோர் காஜா, ஜாசின், மெர்லிமாவ் வட்டாரக் குடியிருப்புகளுக்கும் நகர்ந்தது. மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிகளில் பல இன்றும் கெமுனிங், டைமண்ட் ஜூபிலி, புக்கிட் லிந்தாங் என்று தோட்டங்களின் பெயரையே தாங்கி நிற்கின்றன. தோட்டம் கலைந்தாலும், யார் எந்தத் தோட்டம், யாருக்கு யார் மாமன் மச்சான் என்ற தொடர்பு கலையவில்லை. கோயில் திருவிழா, திருமணம், பள்ளிப் பெற்றோர் கூட்டம், வாட்சப் குழு என்று அது வேறு வடிவங்களில் தொடர்கிறது. ஆள் சேர்ப்பை மூலதனமாகக் கொண்ட எந்த வணிகத்துக்கும் இதைவிட ஆயத்தமான நிலம் கிடைப்பது அரிது.

தோட்டத்து மக்கள் பணத்தைத் தங்களுக்குள் சுழற்றிக்கொண்ட பழைய வழி 'கூட்டு' எனப்படும் சீட்டு. 12 பேர் மாதம் 100 வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் 1,200 வெள்ளி சேரும். குலுக்கலிலோ ஏலத்திலோ மாதம் ஒருவர் அதை எடுப்பார். அவசரத்துக்குப் பணம் தேவைப்பட்டவர் 200 வெள்ளியைத் தள்ளிக்கொடுத்து 1,000 வெள்ளிக்கு எடுப்பார். தள்ளிய தொகை மற்றவர்களுக்குப் பிரியும். 12 மாதத்தில் ஆட்டம் முடிந்துவிடும். இதன் கணக்கில் மூன்று இயல்புகள் அடங்கியுள்ளன: உறுப்பினர் தொகை தொடக்கத்திலேயே அடைக்கப்பட்டிருக்கிறது, உள்ளே வந்த பணம் முழுவதும் அதே 12 பேருக்குத் திரும்புகிறது, ஒவ்வொருவருக்கும் ஒரு முறை நிச்சயம் உண்டு. கூட்டை நடத்துபவர் பணத்தோடு ஓடிவிடுவதும், முன்னமே எடுத்தவர் பின்னர் கட்ட மறுப்பதும் நடந்ததுதான். ஆயினும் இழப்பு அந்த வட்டத்துக்குள்ளேயே நின்றது. 1971ஆம் ஆண்டுக் கூட்டு நிதித் தடைச் சட்டம், இதைத் தொழிலாக நடத்துவதைக் குற்றமாக்கியது. முடிவுள்ள கணக்கைத் தடை செய்த நாட்டில், முடிவில்லாத கணக்குகள் பின்னர் வேறு வேறு பெயர்களில் வளர்ந்தது வரலாற்றின் முரண்.

கூட்டைத் தாண்டி, பெருந்தொகையைச் சமூகமாகத் திரட்டிய இரு முயற்சிகளும் இங்கே நினைவுகூரத்தக்கவை. ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் நிறுவிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரிடம் மாதம் 10 வெள்ளியாகப் பங்குப் பணம் வாங்கி, அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை விலைக்கு வாங்கியது. கட்டிய பணத்துக்கு எதிரே மண்ணும் மரமும் கண்ணுக்குத் தெரிந்தன. 1980களில் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ், ஏறத்தாழ 66,000 பங்குதாரரிடமிருந்து 10 கோடியே 60 லட்சம் வெள்ளியைத் திரட்டியது. நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கிய தோட்டத் தொழிலாளர் பலர். பல்லாண்டு ஏமாற்றத்துக்குப் பின் 2010இல் ஒரு பங்குக்கு 80 காசு என்ற விலையில் அதை வேறொரு நிறுவனம் எடுத்துக்கொள்ள முன்வந்தது. மைக்காவின் குறைகள் எவையாயினும், கேள்வி கேட்பதற்கு அதற்கு ஒரு முகவரி இருந்தது, ஆண்டுப் பொதுக்கூட்டம் இருந்தது, நாடாளுமன்றத்தில் பெயர் சொல்லிக் கேட்க ஒரு தலைமை இருந்தது. பின்னர் வரும் திட்டங்களோடு ஒப்பிடும்போது இதன் அருமை தெரியும்.

வலைப்பின்னல் வணிகத்தை மலேசியா 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அதன் பெயரிலேயே பிரமிடுத் திட்டத் தடையும் சேர்ந்தது. உள்நாட்டு வாணிப அமைச்சின் உரிமம் பெறாமல் இத்தொழிலை நடத்த முடியாது. உரிமம் பெற்ற நிறுவனத்துக்கு ஏஜேஎல் என்று தொடங்கும் எண் உண்டு. வீட்டு வாசலில் வாங்கிய பொருளை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற, வாங்கியவருக்குப் பத்து வேலை நாள் அவகாசம் உண்டு. பொருள் விற்பனையை விட்டுவிட்டு ஆள் சேர்ப்பதற்கே பணம் தரும் அமைப்பு பிரமிடு ஆகும். அதை ஊக்குவிக்கும் நிறுவனத்துக்கு 10 லட்சம் வெள்ளி முதல் 1 கோடி வெள்ளி வரையும், தனிமனிதருக்கு 5 லட்சம் முதல் 50 லட்சம் வெள்ளி வரையும் அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. உரிமம், அவகாசம், திருப்பிக் கொடுத்தல் ஆகிய மூன்றும் ஓர் அடிப்படையை எடுத்துக்கொண்டே இயங்குகின்றன: இழுத்து நிறுத்திக் கேள்வி கேட்க ஒரு நிறுவனம் இருக்கும் என்பதே அது.

அந்த நிறுவனத்தின் உள்ளே இயங்கும் மென்பொருளின் பணிகள் சிக்கலானவை அல்ல. யார் யாரைச் சேர்த்தார் என்ற கிளைப்படம், ஒவ்வொரு விற்பனைக்கும் எத்தனை படி மேலே தரகு ஏறும் என்ற விதி, தரகு வந்து விழும் மின்பணப்பை ஆகிய மூன்றுமே அதன் உடம்பு. ஒருவருக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் வைத்து வளரும் அமைப்பு பைனரி. அகலமும் ஆழமும் குறிக்கப்பட்ட கட்டம் மேட்ரிக்ஸ். அகலத்துக்கு வரம்பில்லாதது யூனிலெவல். இந்த விதிகள் எல்லாம் 'இது நடந்தால் அது நடக்கட்டும்' என்ற வடிவில் இருப்பதால், ஸ்மார்ட் ஒப்பந்தத்துக்கு மாற்றி எழுத இவை மிக எளியவை. ஸ்மார்ட் ஒப்பந்தம் என்பது, பெயர் சொல்வதுபோல் வழக்கறிஞர் எழுதும் ஒப்பந்தம் அன்று. பிளாக்செயின் எனப்படும், பல்லாயிரம் கணினிகளில் ஒரே படியாகப் பராமரிக்கப்படும் பேரேட்டில் பதிந்து வைத்த ஒரு நிரல். குறித்த நிபந்தனை நிறைவேறினால், எவருடைய கையொப்பமும் வேண்டாமல், அது பணத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தும். நிக் சாபோ என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் 1990களில் முன்வைத்த இக்கருத்து, 2015 ஜூலையில் எத்தேரியம் இயங்கத் தொடங்கிய பிறகே பரவலான நடைமுறையாயிற்று.

ஆனால் எம்எல்எம் மென்பொருள் ஒரே தாவலில் அங்கே போய்ச் சேரவில்லை. இடைப்பட்ட இரு படிகளை மலேசியரும் உலகமும் விலைகொடுத்தே கற்றுக்கொண்டனர். முதல் படி, நிறுவனத்தின் சொந்தக் கணினியில் வாழ்ந்த புள்ளிகள். பினாங்கைத் தளமாகக் கொண்ட எம்பிஐ குழுமம், உறுப்பினர் செலுத்திய பணத்துக்கு ஈடாக மெய்நிகர் புள்ளிகளை வழங்கி, அவற்றின் மதிப்பு ஏறிக்கொண்டே போகும் என்றது. பினாங்கில் தானே நடத்திய வணிக வளாகத்தில் அந்தப் புள்ளிகளைக் கொண்டு பொருள் வாங்கவும் முடிந்ததால் அவை பணம்போலவே தோன்றின. 2017இல் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் காவல்துறையும் சோதனையிட்டு 17 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட தொகையை முடக்கின. 2019இல் சீனாவிலிருந்து வந்த முதலீட்டாளர் கோலாலம்பூரில் சீனத் தூதரகத்தின் முன் திரண்டனர். நிறுவனர் 2022இல் தாய்லாந்தில் கைதாகி, 2024இல் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டார். இரண்டாம் படி, பிளாக்செயின் என்று பெயர் மட்டும் சொன்னது. ருயா இக்னாதோவா 2014இல் பல்கேரியாவில் தொடங்கிய ஒன்காயின், கல்விப் பொதி என்ற பெயரில் படிக்கட்டு விலைகளில் விற்கப்பட்டு, உலகெங்கும் சுமார் 400 கோடி டாலரை ஈர்த்தது. நார்வே நாட்டு நிரலாளர் ஒருவருக்கு 2016இல் வந்த வேலை அழைப்பு, தங்களுக்கு ஒரு பிளாக்செயின் கட்டித்தருமாறு கேட்டபோதுதான், அதுவரை அங்கே சாதாரணத் தரவுத்தளமே இருந்தது வெளிப்பட்டது. இக்னாதோவா 2017 அக்டோபரில் ஏதென்சுக்கு விமானம் ஏறியதோடு காணாமற்போனார். கூட்டாளி கிரீன்வுட்டுக்கு 2023இல் அமெரிக்க நீதிமன்றம் 20 ஆண்டுச் சிறை விதித்தது.

மூன்றாம் படியே இக்கட்டுரையின் உண்மையான பொருள். ஃபோர்சேஜ் என்ற திட்டம் 2020 தொடக்கத்தில் எத்தேரியத்தில் மெய்யாகவே ஸ்மார்ட் ஒப்பந்தமாக இறக்கிவிடப்பட்டது. பேரேடு பொய்யன்று, நிரல் எவர் கண்ணுக்கும் திறந்திருந்தது, பணம் ஒரு பணப்பையிலிருந்து இன்னொன்றுக்கு நேரே போனது. முந்திய இரு படிகளில் நிகழ்ந்த மோசடி இதில் நிகழ வழியில்லை என்று விளம்பரதாரர் சொன்னதில் பாதி உண்மை இருந்ததால், மீதிப் பாதி எளிதில் விலைபோயிற்று. அந்த ஆண்டின் நடுப்பகுதியில் எத்தேரியத்தின் கணிப்பு வளத்தை மிகுதியாக உண்டவற்றுள் ஒன்றாக அது வளர்ந்தது. பின்னர் கட்டணம் குறைந்த ட்ரான் பிளாக்செயினுக்கும் கிளைவிட்டது.

அதன் உள்ளமைப்பை ஒரு முறை நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். எக்ஸ் 3 என்ற கட்டத்தின் முதல் நிலைக்கு விலை எத்தேரியத்தின் நாணயமான ஈத்தரில் 0.025, அதனோடு எக்ஸ் 4 என்ற இன்னொரு கட்டத்துக்கும் அதே தொகை சேர்த்து நுழைவுக் கட்டணம் 0.05 ஈத்தர், அந்நாள் விலையில் ஏறத்தாழ 50 வெள்ளி. நுழைந்தவர் மூவரைச் சேர்க்க வேண்டும். முதல் இருவரின் பணம் அவருக்கு வரும். மூன்றாமவரின் பணம் அவருடைய மேலாளுக்குப் போகும். கட்டம் மீண்டும் வெறுமையாகத் தொடங்கும். இதுவரை கேட்பவருக்கு நியாயமாகவே படும். ஆனால் நிரலில் இன்னொரு வரி உண்டு: மூவர் நிறைந்தபின், அடுத்த நிலையை வாங்கியிராதவரின் நிலை அடைபடும், அதன்பின் அவருக்கு வர வேண்டிய பணம் அவரைத் தாண்டி, அந்தத் தகுதியுள்ள மேலாளைத் தேடிப் போய்விடும். அடுத்த நிலையின் விலையோ முந்தியதைப்போல் இரு மடங்கு, அதாவது 0.05 ஈத்தர். முதல் இருவரிடமிருந்து வந்த தொகையும் சரியாக 0.05 ஈத்தர்தான். ஈட்டியது முழுவதும் ஏறுவதற்கே சரியாகிவிடும் வகையில் விலை வைக்கப்பட்ட பன்னிரண்டு படிகள் இவ்வாறு அடுக்கப்பட்டிருந்தன. பன்னிரண்டாம் படியின் விலை 51.2 ஈத்தர், 2020 நடுவில் அது 50,000 வெள்ளியைத் தாண்டியது. அதே ஆண்டு பிப்ரவரி முதல் நகராட்சி எல்லைக்கு வெளியே குறைந்தபட்சச் சம்பளம் 1,100 வெள்ளி என்பதை அருகில் வைத்தால், ஒரு தோட்டத் தொழிலாளியின் ஏறத்தாழ நான்காண்டு உழைப்பு அந்த ஒரு படியில் அடங்கிவிடுகிறது. கையில் பணமுள்ளவர் எல்லாப் படிகளையும் முதல் நாளே வாங்கிவிட்டால், இல்லாதவரைத் தாண்டிவரும் பணமெல்லாம் அவர் பையில் விழும். ஏழையின் இழப்பைச் செல்வரின் வரவாக்கும் வேலையை எவரும் திருட்டுத்தனமாகச் செய்யவில்லை; அனைவரும் படிக்கலாம் என்று திறந்து வைத்த நிரலே அதைச் செய்தது.

நிரல் திறந்திருந்ததால் ஆய்வாளருக்கும் அது திறந்திருந்தது. பிரமிடுத் திட்டங்கள் நூறாண்டுக்கு மேலாக இருந்தும், ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு 2021இல் ஃபோர்சேஜை ஆராய்ந்த பல்கலைக்கழகக் குழுவுக்குக் கிடைத்ததுபோல் முன்பு எவருக்கும் கிடைத்ததில்லை. பங்கேற்றவரில் ஏறத்தாழ 88 விழுக்காட்டினர் இழப்பையே கண்டனர் என்றும், இலாபம் உச்சியிலுள்ள சிலரிடம் குவிந்தது என்றும் அவர்கள் கணக்கிட்டனர். பிலிப்பீன்சின் பங்குச்சந்தை ஆணையம் 2020இலேயே தடை ஆணை பிறப்பித்தது. அமெரிக்க ஆணையம் 2022 ஆகஸ்டில் 11 பேர்மீது வழக்குத் தொடுத்து, திரட்டப்பட்ட தொகையை 30 கோடி டாலர் என்றது. 2023 பிப்ரவரியில் நிறுவனர் நால்வர்மீது குற்றச்சாட்டு வந்தபோது, எக்ஸ்கோல்டு என்ற பின்னாளைய ஒப்பந்தத்தில் பங்கேற்பாளர் பணத்தை நிறுவனரின் கணக்குகளுக்கே கடத்தும்படி நிரல் எழுதப்பட்டிருந்ததாகவும் சொல்லப்பட்டது. திறந்த நிரல் என்பது படிக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே திறந்தது. சாலிடிட்டி என்ற நிரல்மொழியைப் படித்து, அடைபடும் அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்து, அதன் விளைவைக் கணக்கிட்டபின் 50 வெள்ளி கட்டுபவர் அலோர் காஜாவிலும் இல்லை, அமெரிக்காவிலும் இல்லை.

கணக்கை மலாக்கா அளவுக்குச் சுருக்கினால் அது இன்னும் தெளிவாகும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநில மக்கள் ஏறத்தாழ 10 லட்சம். இந்தியர் நூற்றுக்கு ஐந்தாறு பேர், அதாவது கைக்குழந்தை முதல் கிழவர் வரை ஐம்பதிலிருந்து அறுபதாயிரம். ஒருவர் மூவரைச் சேர்க்க, அந்த மூவரும் ஆளுக்கு மூவரைச் சேர்க்க என்று போனால், பத்தாம் அடுக்குக்கு மட்டும் 59,049 பேர் வேண்டும். மாநிலத்து இந்தியர் அனைவரும் அந்த ஓர் அடுக்குக்கே தீர்ந்துவிடுவர். அதைவிட முக்கியமானது வேறொன்று: மூன்று மூன்றாக விரியும் எந்த அமைப்பிலும், அது எந்த அடுக்கில் நின்றாலும், மொத்தத்தில் மூன்றில் இரு பங்கினர் கடைசி அடுக்கில்தான் இருப்பர், அவர்களுக்குக் கீழே எவரும் இல்லை. கணினி மாறலாம், நாணயம் மாறலாம். இந்த மூன்றில் இரண்டு மாறாது. கூட்டில் 12 பேருக்கும் முறை வரும் என்பது எப்படிக் கணக்கின் இயல்போ, அதுபோலவே இதில் பெரும்பாலோருக்கு முறை வராது என்பதும் கணக்கின் இயல்பே.

இத்தகைய ஒப்பந்தத்தைச் செய்வதற்குப் பெரிய மூலதனம் தேவையில்லை என்பது தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய செய்தி. ஃபோர்சேஜ் போன்றவற்றின் 'குளோன் ஸ்கிரிப்ட்', அதாவது பெயரையும் வண்ணத்தையும் மாற்றி உடனே இறக்கிவிடக்கூடிய நகல் நிரல், சந்தையில் ஆயத்தமாகக் கிடைக்கிறது. இவ்வகை நிரல்களை விற்கும் நிறுவனங்கள் மதுரை உள்ளிட்ட தமிழக நகரங்களிலும் கேரளத்திலும் வெளிப்படையாகவே இயங்குகின்றன. மென்பொருள் விற்பது குற்றமன்று. கத்தி செய்பவரைப்போல் தங்களுக்கும் பயன்பாட்டில் பொறுப்பில்லை என்று அவை சொல்லக்கூடும். எனினும், மூவர் நிறைந்ததும் நிலை அடைபட வேண்டும் என்ற வரியை எழுதி விற்பவர், கத்தியின் பிடியில் யார் கை இருக்கும் என்பதை அறியாதவர் அல்லர்.

இத்தொழில்நுட்பத்தால் நேரிய நேரடி விற்பனைக்குப் பயனே இல்லையா என்று கேட்டால், குறுகிய அளவில் உண்டு. பத்து வேலை நாள் அவகாசம் முடியும்வரை தரகைத் தடுத்து வைத்து, பொருள் திரும்பி வந்தால் வாங்கியவருக்கே பணத்தைத் திருப்பும்படி ஒப்பந்தத்தை எழுத முடியும். உறுப்பினரல்லாத வாடிக்கையாளருக்கு விற்றால் மட்டுமே தரகு என்றும் எழுத முடியும். பல நாட்டு விற்பனையாளருக்கு டாலரோடு இணைந்த நாணயத்தில் உடனடியாகப் பணம் போய்ச் சேரும். ஆனால் நிரலுக்குக் கண் இல்லை. எடுத்துக்காட்டாக, விற்ற சவர்க்காரப் பெட்டி மெர்லிமாவிலுள்ள ஒரு வீட்டுக்கு உண்மையில் போய்ச் சேர்ந்ததா, அதை வாங்கியவர் வாடிக்கையாளரா, தரகுக்காகத் தம் பணத்தையே போட்ட உறுப்பினரா என்பதை ஒப்பந்தம் தானாக அறியாது. எவராவது வெளியிலிருந்து சொல்ல வேண்டும். இப்படி வெளியுலகச் செய்தியை உள்ளே கொண்டுவரும் அமைப்புக்கு ஆரக்கிள் என்று பெயர். சவர்க்கார விற்பனையில் அந்த ஆரக்கிள், பொருளை அனுப்பும் கிடங்கு எழுத்தரும் கணக்கரும்தான். ஆக, பொருள் உண்மையாக விற்கும் இடத்தில் நிறுவனத்தை நம்பாமல் தீராது. நிறுவனமே வேண்டாம் என்று நிரல் தன்னந்தனியே இயங்கும் இடத்தில் பொருளே இல்லை. ஃபோர்சேஜில் விற்பதற்கு எதுவும் இல்லாமற்போனது ஏதோ விடுபட்டுப்போன குறையன்று. தனித்து இயங்குவதற்கு அதுவே நிபந்தனை.

நிறுவனம் விலகியபின் பணத்தின் பாதையில் யார் நிற்கிறார் என்பதைப் பார்க்கலாம். வெள்ளியை நாணயமாக மாற்ற வேண்டும். அதைத் தனிப் பணப்பைக்கு அனுப்ப வேண்டும். பணப்பையின் திறவுகோலான பன்னிரண்டு சொற்களைக் காக்க வேண்டும். பின்னரே ஒப்பந்தத்தைத் தொட முடியும். ஓய்வுபெற்ற ஒரு தொழிலாளி இதைத் தனியே செய்யமாட்டார். அலைபேசியை வாங்கி எல்லாவற்றையும் திறந்துகொடுப்பவர் பெரும்பாலும் அவரைச் சேர்த்த மருமகனோ தங்கை மகளோதான் இருக்க முடியும். பன்னிரண்டு சொற்களும் அவர்கள் கண்ணில் படாமல் இருக்காது. எவரையும் நம்ப வேண்டாம் என்று சொல்லும் கருவி, தன் வாசலில் நுழைவதற்கே ஒருவரை முழுமையாக நம்பும்படி கேட்கிறது. 2020 முதல் 2022 வரை நோய்த்தொற்றுக் காலத்துச் சிறப்பு அனுமதிகளின்கீழ் ஊழியர் சேமநிதியிலிருந்து நாடு முழுவதும் ஏறத்தாழ 14,500 கோடி வெள்ளி மீட்கப்பட்டது. பெரும்பகுதி வயிற்றுப்பாட்டுக்கும் கடனுக்கும் போனது என்றாலும், உழைத்துச் சேர்த்த தொகை கையில் இருந்த அதே மாதங்களில்தான் இத்திட்டங்களும் உச்சத்தில் இருந்தன.

சட்டம் இதை எப்படி எதிர்கொள்கிறது? 2019 ஜனவரி 15 முதல் நடைமுறையிலுள்ள ஆணையின்படி, குறித்த இயல்புகள் கொண்ட டிஜிட்டல் நாணயமும் டோக்கனும் மலேசியாவில் பங்குப்பத்திரமாகவே கருதப்படும். மலேசியப் பங்குப்பத்திர ஆணையத்தில் பதிவு பெற்ற சந்தைகளில் மட்டுமே அவற்றை வாங்கி விற்கலாம். அவை சட்டபூர்வ நாணயம் அல்ல. உரிமமின்றிப் பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கினால் 2013ஆம் ஆண்டு நிதிச்சேவைச் சட்டம் பத்தாண்டு வரை சிறையோ 5 கோடி வெள்ளி வரை அபராதமோ விதிக்கிறது. கிரிப்டோ நாணயத்தை நீதிமன்றம் மதிப்புள்ள ஒன்றாக ஏற்குமா என்ற ஐயத்துக்கும் விடை கிடைத்துவிட்டது: லூனோ சந்தை, பிழையாக 11.3 பிட்காயினைப் பெற்ற வாடிக்கையாளர்மீது தொடுத்த வழக்கில், 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவின்கீழ் அது திருப்பித் தரப்பட வேண்டிய பொருளே என்று தீர்ப்பாயிற்று. மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, சட்டம் தடுக்கும் நோக்கமுடைய உடன்பாடு செல்லாது என்கிறது. 66ஆம் பிரிவு, செல்லாத உடன்பாட்டின்கீழ்ப் பெற்றதைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது. சட்டநூலில் வழி இருக்கிறது. வழக்கில் எதிர்வாதியாக யாரை நிறுத்துவது என்பதில்தான் சிக்கல். ஒப்பந்தத்தை எழுதியவர் வேறொரு நாட்டில், புனைபெயரில். ஒப்பந்தமோ எந்த நாட்டிலும் பதிவாகாத ஒரு முகவரி. 997 என்ற தேசிய மோசடி உதவி எண், பணம் வங்கிக் கணக்குகளுக்குள் இருக்கும்வரை அதைத் துரத்திப் பிடிக்க வல்லது. வெள்ளி, டாலரோடு இணைந்த டெதர் நாணயமாக மாறித் தனிப் பணப்பைக்குள் போனபின், டெதர் நிறுவனமே முடக்கினாலொழிய அது கைக்கு எட்டாது.

எட்டக்கூடியவர் ஒருவர் உண்டு. பிரமிடுத் திட்டத்தை ஊக்குவிக்கலாகாது என்ற தடை, திட்டத்தை உருவாக்கியவரை மட்டும் சுட்டவில்லை. எவரும் அதை ஊக்குவிக்கலாகாது என்றே அது எழுதப்பட்டிருக்கிறது. மைக்காவில் பணம் போனவர் கட்சித் தலைமையை நோக்கிக் குரல் கொடுத்தார். உரிமம் பெற்ற நிறுவனத்தில் ஏமாந்தவர் அமைச்சின் வாசலுக்குப் போகலாம். ஸ்மார்ட் ஒப்பந்தத்தில் இழந்தவருக்கு, தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் மருமகனைத் தவிரக் கேட்பதற்கு வேறு ஆள் இல்லை; அந்த மருமகனும் பெரும்பாலும் கடைசி இரண்டு மூன்று அடுக்குகளில் நின்று இழந்தவர்தான். ஃபோர்சேஜ் ஒப்பந்தத்தின் பதிவு வரியைப் படித்தால், புதிதாக வருபவரிடம் அது பெயரையோ அடையாள அட்டை எண்ணையோ கேட்பதில்லை என்பது தெரியும். அது கேட்பது, சேர்த்துவிட்டவரின் பணப்பை முகவரி ஒன்றைத்தான். அந்த முகவரி ஏற்கெனவே பதிவாகியிருக்காவிட்டால் நிரல் உள்ளே விடுவதில்லை. அதனால் யார் யாரை அழைத்துவந்தார் என்பது, அந்தப் பணப்பை யாருடையது என்று அறிந்த உறவினருக்கும் விசாரணை அதிகாரிக்கும், அழிக்க முடியாத பதிவாக அந்தப் பேரேட்டில் இருக்கிறது.